திரை எந்தப் பக்கம்

“கண்ணை மூடாதீங்க அண்ணி. என்னையே பாருங்க.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மோகனா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க.”

“அந்த ஸ்கேன் ரூம்ல டிவியை எதுக்கு அந்தப் பக்கமா திருப்பிட்டாங்க?”

கோலா தெர்லா வளைவில், முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்றின் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு நின்றது. வெளியே நல்ல மழை. மோகனா அப்போது மருத்துவப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தவள், அண்ணி விக்னேஸ்வரியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தெரியல அண்ணி.”

“டாக்டருக்குத்தானே படிக்கிற?”

“இன்னும் எலும்பு பேரைத்தான் படிச்சிருக்கேன்.”

“உள்ள இருக்கிற பிள்ளைக்குன்னு தனியா ஒரு டாக்டர் கிடையாதா?”

“இருக்காங்க. கே.எல். பட்டணத்துல கொஞ்சப் பேரு. நம்ம பக்கத்துல யாரும் இல்ல.”

“அப்ப நீ அதைப் படி.”

லோரி நகர்ந்தது. ஈப்போ போய்ச் சேர்ந்த பிறகு டாக்டர் வந்து சொன்ன செய்தி விக்னேஸ்வரிக்குப் புதிதாக இல்லை. திரையைத் திருப்பிய அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. ஏழு மாதப் பிள்ளை. ஆண். அழுகைச் சத்தம் கேட்காமலே வந்தான், போனான்.

அது நடந்து பதினாறு வருடம். அந்த ஆம்புலன்ஸ் பேச்சை விக்னேஸ்வரி யாரிடமும் சொன்னதில்லை, கணவன் அகிலனிடம்கூட. மோகனாவும் அதை மறுபடி எடுத்ததில்லை. ஆனால் அவள் அதைத்தான் படித்தாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட் பாலர் பள்ளி மண்டபத்தின் வாசலில் கட்டியிருந்த பேனரை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள் விக்னேஸ்வரி. ‘எங்கள் எஸ்டேட்டின் மகள், குழந்தை டாக்டர் மோகனாவை வருக வருக என வரவேற்கிறோம்.’ ஒரு பக்கம் மோகனாவின் படம். இன்னொரு பக்கம் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட, பல் முளைக்காத வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

“என்னங்க, குழந்தை டாக்டர்னு போட்டு வச்சிருக்காங்க” என்றாள்.

அகிலன் எஸ்டேட் லோரி ஓட்டுகிறவன். எத்தனையோ மூட்டைகளைத் தூக்கி எறிந்த கை, இன்று தங்கையின் ஸ்கேன் மெஷின் பெட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தது.

“குழந்தைக்குத்தானே பாக்குறா? சரியாத்தானேலா இருக்கு.”

“குழந்தை டாக்டர்னா சளி, காய்ச்சல் பாக்குறவங்க. நம்ம மோகனா பொறக்காத குழந்தைக்கு டாக்டர்.”

“பொறக்காத குழந்தை டாக்டர்னு பேனர்ல போட்டா பாக்க நல்லாவா இருக்கும்?” என்று சிரித்தவன், மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“சாயந்தரம் கிளம்பிருவா.”

“தெரியும்.”

அகிலன் பெட்டியை உள்ளே கொண்டு போனான். விக்னேஸ்வரி போட்டிருந்தது அவனுடைய ஜாக்கெட். கேமரன் மலைக் குளிரில் யார் எதைப் போட்டுக்கொண்டு திரிந்தாலும் யாரும் கேட்பதில்லை. அந்தத் தொளதொள ஜாக்கெட்டுக்குள் நான்கு மாதம் முடிந்த ஒரு சேதி ஒளிந்திருந்தது. மலை முழுக்க அதை அறிந்தவர்கள் மூன்றே பேர். அவள், அவன், தானா ராத்தா கிளினிக் நர்ஸ்.

நர்ஸ் நல்லவள். விக்னேஸ்வரிக்கு வயது முப்பத்தொன்பது, முன்பு ஒரு பிள்ளை வயிற்றிலேயே தவறியிருக்கிறது, அதனால் ஈப்போ ஸ்பெஷலிஸ்டிடம் பெரிய ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித் தேதியும் வாங்கிக் கொடுத்தாள். விக்னேஸ்வரி போகவில்லை. இரண்டாவது தேதிக்கும் போகவில்லை. போன வாரம் மூன்றாவது தேதி கொடுத்தபோது, நர்ஸ் திட்டக்கூட இல்லை. தேதி எழுதிய அட்டையை அவள் கையில் வைத்து மூடினாள். அந்தத் தேதி நாளை மறுநாள்.

கிளினிக்கில் சின்னதாக ஸ்கேன் எடுத்தபோதெல்லாம் விக்னேஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் படுத்திருந்தாள். “துடிப்பு நல்லா இருக்கு” என்று சொன்னதைக் காதால் கேட்டாள், அவ்வளவுதான். ஈப்போவில் மறுபடி அப்படி ஓர் இருட்டு அறையில் படுக்க அவளால் முடியாது.

அப்படியென்றால் மோகனாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்பான் அகிலன். அவனுக்கு எல்லாம் சுலபம். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் மாமா மகள் ஒருத்தி தனக்குப் பார்க்கச் சொல்லிக் கேட்டபோது மோகனா சொன்ன பதிலை அவன் கேட்கவில்லை. “சொந்தக்காரங்களுக்கு நான் பாக்குறதில்ல. கை நடுங்கும். நல்ல டாக்டர்கிட்ட சொல்லி விடுறேன்.” சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் மோகனா சொன்னால் சொன்னதுதான். அண்ணி என்பதற்காக அதை மாற்றச் சொல்வதா? கேட்டால் மறுக்க முடியாதவளிடம் போய்க் கேட்பது ஒரு வகைக் கட்டாயம்தானே?

இந்தத் தடவையும் ஏதாவது ஆகிவிட்டால், அதைச் சொல்லும் வாய் மோகனாவின் வாயாக இருக்க வேண்டுமா?

*

பேனர் தன் வேலையைச் செய்துவிட்டது.

கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை என்று ஏற்பாடு செய்த மண்டபத்தில், பத்து மணிக்குள் மூக்கொழுகும் பிள்ளைகளே வந்து நிறைந்தார்கள். இருமல், காது வலி, சோறு தின்னாத வியாதி, கணக்கு வராத வியாதி. பக்கத்து லைன் வீட்டுப் பாஞ்சாலை தன் கடைசி மகளை இழுத்துக்கொண்டு வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

முந்தின நாளே வீட்டுக்கு வந்திருந்த மோகனா, மண்டபத்தில் வந்து இறங்கியதும் பேனரைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

“கடைசியா நான் சளிக்கு மருந்து எழுதினது ஹவுஸ்மேனா பயிற்சியில இருந்தப்ப அண்ணி.”

“கோவிச்சுக்காத. ஆபீஸ் கிராணிதான் பேனர் அடிச்சாரு.”

கோபித்துக்கொள்கிறவளா மோகனா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் வாயாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். மோகனாவோடு கோலாலம்பூரிலிருந்து வர வேண்டிய நர்ஸ் காய்ச்சலில் படுத்துவிட்டதால் விக்னேஸ்வரிதான் உதவி. எஸ்டேட் டீக்கடையில் டூரிஸ்ட் கூட்டத்தைச் சமாளித்துப் பழகியவளுக்கு இந்தக் கூட்டம் பெரிதில்லை. காது வலிப் பிள்ளைகள் இரண்டு பேரை நாளைக்கே கிளினிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள் மோகனா. மற்றவர்களுக்குச் சுடுதண்ணீரும் தூக்கமும் போதும் என்றாள். சுடுதண்ணீர் சொல்லவா கோலாலம்பூரிலிருந்து டாக்டர் வந்தது என்று பாஞ்சாலைக்கு ஏமாற்றம்.

ஒரு கர்ப்பிணிகூட வரவில்லை.

கிராணி திருமாறன் அதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். மேடையும் மைக்கும் என்றால் உயிர். பொன்னாடை தயார், மாலை தயார். ஒன்றுதான் தயாராக இல்லை. விக்னேஸ்வரியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அம்மா விக்னேஸ்வரி, டாக்டரைப் பத்தி நான் அறிமுகம் பேசணும். பட்டம் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. கடைசில எம்.எஃப்.எம்.னு ஒண்ணு போட்டிருக்கு. ரேடியோ மாதிரியில்ல இருக்கு?”

“அது ரேடியோ இல்லைங்க.”

“அப்ப என்னான்னு நீயே மேல வந்து சொல்லிடுலா. வீட்டுக்காரங்க சொன்னா இன்னும் நல்லாத்தான் இருக்கும்.”

வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை அவள். ஆனால் யோசிக்க நேரம் கொடுக்காமல் அவர் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டார்.

முதலில் மைக்கை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. எதிரே பாஞ்சாலை வாயைப் பிளந்து கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்ததும் விக்னேஸ்வரிக்குப் பேச்சு வந்துவிட்டது.

மோகனா படித்தது மூன்று படிப்பு என்று ஆரம்பித்தாள். முதல் படிப்பு எல்லா டாக்டரும் படிக்கிறது. அது முடிந்து ஹவுஸ்மேன் வேலையில் இருந்தபோது ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருக்கிறாள். பிறகு கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வலி எடுத்த பெண்கள் படகில் வருவார்கள். இவள் கரையில் நின்று காத்திருப்பாள். அப்புறம் இரண்டாவது படிப்பு, பிரசவம் பார்க்கிறது. அதோடு பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள். இவள் நிறுத்தவில்லை. மூன்றாவது படிப்புக்கு மறுபடி வருடக்கணக்கில் உட்கார்ந்தாள், அதில் ஒரு வருடம் வெளிநாட்டில்.

இதெல்லாம் விக்னேஸ்வரி எங்கும் பார்த்துப் படித்ததில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மோகனா போன் செய்து சொன்னவை. சோறு பொங்கிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டவை.

“இவங்க குழந்தை டாக்டர் இல்ல” என்றாள். “பேனர்ல தப்பா போட்டுட்டோம். எம்.எஃப்.எம்.னா அம்மா, வயித்துல இருக்கிற பிள்ளை, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டாக்டர். பிரஷர், இனிப்பு நீரு இருக்கிற அம்மாமாருங்க, ரெட்டைப் பிள்ளைக்காரங்க, முன்னால ஒரு பிள்ளை தவறிப்போனவங்க, இவங்கெல்லாம் தேடிப் போற டாக்டர். உள்ள இருக்கிற பிள்ளைக்கு ரத்தம் பத்தலைன்னா, பிள்ளை உள்ள இருக்கும்போதே ஊசி வழியா ரத்தம் ஏத்துவாங்க. முதல் தடவை அப்படி ஏத்தின அன்னைக்கு எனக்கு போன் பண்ணி, ‘அண்ணி, பிள்ளை கையை ஆட்டுச்சு’ன்னு அழுதாங்க.”

பாஞ்சாலைகூட நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிராணி கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

பொன்னாடையைத் தோளில் வாங்கிக்கொண்டு மோகனா இரண்டே வார்த்தை பேசினாள். தன்னைப் படிக்க அனுப்பிய எஸ்டேட்டுக்கு நன்றி. பிறகு அண்ணி பக்கம் திரும்பினாள்.

“என் படிப்பு எங்க எங்க நடந்துச்சுன்னு அண்ணி சரியா சொன்னாங்க. எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்லல. அதை அவங்க சொன்னாத்தான் சொல்லணும். நான் சொல்ற விஷயம் இல்ல அது.”

விக்னேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டாள்.

*

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கலைந்தது. கறிபாப் பலகாரத் தட்டை எடுக்க வந்த விக்னேஸ்வரி, கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்டியனின் மனைவி மெலிசா. மாதம் ஏழோ எட்டோ இருக்கும். அக்கா மகனுக்கு இருமல் என்று துணைக்கு வந்தவள்.

“அக்கா, குழந்தை டாக்டர்னு நினைச்சு நான் சும்மா உக்காந்திருந்தேன். நீங்க பேசினதைக் கேட்டப்புறம்தான் தெரிஞ்சுச்சு. ரெண்டு நாளா எனக்குச் சரியா தெரியல.”

“என்னா சரியா தெரியல?”

“ஆட்டம் கம்மியா இருக்கிற மாதிரி. வீட்டுல சொன்னா, குளிருக்குப் பிள்ளை தூங்குதுன்னு சொல்றாங்க.”

இதே வார்த்தையைத்தான் பதினாறு வருடத்துக்கு முன் விக்னேஸ்வரியிடமும் சொன்னார்கள். குளிருக்குப் பிள்ளை தூங்குது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளும் நம்பினாள், போர்த்திக்கொண்டு படுத்தாள்.

தட்டை வைத்துவிட்டு மெலிசாவின் கையைப் பிடித்து நேராக உள்ளே கூட்டிப் போனாள்.

பாலர் பள்ளியின் சின்ன அறை. சுவரில் அ, ஆ, இ படங்கள். பிள்ளைகள் தூங்கும் மெத்தைகளை அடுக்கி, மேலே வெள்ளை விரிப்பு போட்டிருந்தார்கள். மோகனா ஒன்றும் பதறவில்லை. ஜெல் பாட்டிலை ஒரு மக்குச் சுடுதண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். இந்தக் குளிரில் அப்படியே வயிற்றில் வைத்தால் தாய் துள்ளிவிடுவாள், பயந்த உடம்பு இன்னும் பயந்துவிடும் என்றாள். பாட்டிலைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள்.

விக்னேஸ்வரி வாசலுக்கு நகர்ந்தாள்.

“அண்ணி, விளக்கை அணைச்சிட்டு இங்கயே நில்லுங்க” என்றாள் மோகனா.

விளக்கு அணைந்தது. இருட்டு. அதே இருட்டு. விக்னேஸ்வரி சுவரோடு ஒட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். மெஷினின் சன்னமான ரீங்காரம் கேட்டது. பிறகு இரும்புக் கால் தரையில் உராயும் சத்தம்.

கண்ணைத் திறந்தாள். மோகனா மெஷின் வைத்திருந்த மேசையை நகர்த்திக்கொண்டிருந்தாள். கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே திரையை மெலிசாவின் பக்கம் முழுசாகத் திருப்பி வைத்தாள். தான் பார்ப்பதற்குக் கழுத்தை வளைக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

“நான் பாக்குறதை நீயும் பாக்கலாம் மெலிசா. எது தெரிஞ்சாலும் உடனே சொல்லுவேன். ஒண்ணையும் மறைக்க மாட்டேன். சரியா?”

மெலிசா தலையை ஆட்டினாள்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அலைந்தது. மழை பெய்யும் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு, அந்த மழைக்கு நடுவே, மின்மினி மாதிரி ஒன்று விட்டுவிட்டு மினுங்கியது.

“இந்தா, துடிக்குது பாரு. நெஞ்சு.”

மெலிசா அழ ஆரம்பித்தாள். மோகனா அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிள்ளையைச் சுற்றித் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது. தொப்புள்கொடியில் ரத்தம் சீராக ஓடுகிறது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்கள்; பிள்ளை ஒரு காலை நீட்டி மடக்கியது. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் மோகனா. இருந்தாலும், ஆட்டம் குறைந்ததாகத் தோன்றினால் தூங்குகிறது என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இன்றைக்கும் தானா ராத்தா போய் இதயத் துடிப்பைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

மெலிசா போகும்போது விக்னேஸ்வரியைக் கட்டிக்கொண்டாள். “நீங்க மட்டும் பேசலைன்னா நான் எழுந்து போயிருப்பேன் அக்கா.”

வெளியே கிறிஸ்டியனின் காடி கிளம்பும் சத்தம் கேட்டது.

விக்னேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு பிள்ளையை அவள் திரையில் பார்த்தது இதுதான் முதல் தடவை. தன் பிள்ளையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. யாரோ ஒருத்தியின் பிள்ளை காலை நீட்டியதைப் பார்த்ததற்கே நெஞ்சு நிறைந்து வழிந்தது. கடவுளே, நன்றி என்றாள் மனதுக்குள். எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மெலிசாவின் பிள்ளைக்கு. ஒரு வார்த்தை குறை சொல்லாமல் பதினாறு வருடம் கூட இருந்த அகிலனுக்கு. அந்த மழையில் வழி விடாமல் நின்ற முட்டைக்கோஸ் லோரிக்குக்கூட. அது நின்றதால்தானே அந்தப் பேச்சு நடந்தது.

“எல்லா அம்மாவுக்கும் இப்படித்தான் திருப்பி வைப்பியா?”

“ம்.” மோகனா கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “படிக்கிறப்ப பெரிய டாக்டர் ஒருத்தர் திட்டினாரு. உன் கழுத்து போயிரும், முதல்ல நீ பாத்துட்டு அப்புறம் காட்டுன்னாரு. எனக்கு அப்படி வரல அண்ணி. அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் தெரியலன்னு சொன்னேன் இல்ல? தெரியும் அண்ணி. எலும்பு பேரு மட்டும் படிச்சவளுக்குக்கூட அது தெரிஞ்சிருந்துச்சு.”

அந்த ஆம்புலன்ஸில் தன் கையைப் பிடித்திருந்த இருபது வயதுப் பெண்ணை இப்போதுதான் விக்னேஸ்வரி முழுதாகப் பார்த்தாள். அவளும் அன்றைக்குத் தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

வெளியே அகிலன் குரல் கொடுத்தான். மூடுபனி இறங்குகிறது, மெஷினைப் பெட்டியில் வைத்துவிட்டால் காடியில் ஏற்றிவிடலாம் என்றான்.

“இருங்கண்ணா” என்றாள் மோகனா.

அவள் மெஷினை அணைக்கவில்லை. ஆறிப்போன மக்கை எடுத்துப் போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிளாஸ்கிலிருந்து புதிதாகச் சுடுதண்ணீர் ஊற்றினாள். ஜெல் பாட்டிலை அதற்குள் போட்டாள். விரிப்பை உதறி மறுபடி போட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சுவரிலிருந்த அணில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் இனி யாரும் இல்லை. அவள் எதையும் கேட்கவில்லை. எத்தனையோ தாய்மார்கள் தாங்களாக வாயைத் திறக்கும்வரை காத்திருந்து பழகியவள்.

மடியிலிருந்த அவளுடைய விரல்கள் மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

விக்னேஸ்வரி அதைப் பார்த்தாள். கல்யாண வீட்டில் அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. நாளை மறுநாள் ஈப்போவில் யாரோ ஒரு நல்ல டாக்டர் இருப்பார். அவர் கை நடுங்காது. ஆனால் திரையை எந்தப் பக்கம் வைப்பாரோ.

கதவைச் சாத்தினாள். ஜாக்கெட்டின் ஜிப்பை மெதுவாகக் கீழே இறக்கினாள். மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“மோகனா, எனக்கு நீயே பாரு” என்றாள். “கை நடுங்கினா நடுங்கட்டும். உள்ள எப்படி இருந்தாலும் சரி, திரையை என் பக்கம் திருப்பி வை. இந்தத் தடவை நான் கண்ணை மூட மாட்டேன்.”